சத்தமில்லாத தெருவில் அருமைநாயகம் வீடு வாங்கிய கதை

இங்கிலாந்தில் முட்டாள்களுக்கு எந்தக் காலத்திலும் குறைவு இருந்ததில்லை. அப்படியிருந்தும் அருமைநாயகம் அங்கே போய் இறங்கிய நாளில் அந்த நாட்டின் கையிருப்பு கொஞ்சம் கூடியது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆள் பார்வைக்கு நல்ல எடுப்பு. நரைத்த மீசை, மடிப்புக் குலையாத சட்டை, எதைக் கேட்டாலும் கண்ணை மூடி, சற்றுப் பொறுத்து, ஆற அமரப் பதில் சொல்லும் வழக்கம். மூடிய கண்ணுக்குப் பின்னால் ஒன்றும் நடப்பதில்லை என்பது நெருங்கிப் பழகியவர்களுக்குத்தான் தெரியும்.

நெருங்கிப் பழகியவர்கள் மூன்று பேர். ஒருவன் தம்பி திரவியராசா. அண்ணன் சொன்னதைச் செய்து முடித்துவிட்டு, அதை ஏன் செய்தேன் என்று அண்ணனிடமே போய்க் கேட்பவன். இன்னொருத்தி மனைவி மங்கையற்கரசி. நால்வரில் மூளை கூடியவள் இவள்தான். அதாவது, ஒரு மடத்தனத்தைச் செய்வதற்கு முன் இவளுக்கு ஒரு நிமிடம் சந்தேகம் வரும். பிறகு செய்வாள். மூன்றாவது ஆள் மங்கையின் தம்பி குணபாலசிங்கம். ஊரில் ஆங்கிலச் சோதனையை மூன்று தரம் எழுதியவன். ஒரே தரத்தில் பாஸானவர்களைவிட இவன் மூன்று மடங்கு படித்தவன் என்பது அந்த வீட்டாரின் முடிவு. வெள்ளைக்காரர் எதைச் சொன்னாலும் குணபாலன் அதைச் சொல் சொல்லாகத் தமிழில் இறக்கிக் கொடுப்பான். மற்றவர்கள் அதைச் சொல் சொல்லாகச் செய்து முடிப்பார்கள்.

நகரத்துப் பெருந்தெருவில் அவர்களுக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. கடைக்கு மேலே வாடகைக்கு மூன்று அறைகள். கீழே பஸ் தரிப்பு, பக்கத்தில் கோழி பொரிக்கும் கடை, எதிரே தீயணைப்பு நிலையம். சத்தம் பழகிப் போய் வருடக்கணக்காக நிம்மதியாக இருந்தவர்களை, கட்டிடத்துச் சொந்தக்காரன் ஒருநாள் வந்து எழுப்பினான். ஆவணியில் கட்டிடத்தை இடிக்கப் போகிறானாம். அதற்குள் அறைகளைக் காலி செய்து எழும்பிவிட வேண்டுமாம்.

"இடிக்கட்டும்," என்றார் அருமைநாயகம். "நான் வீடு வாங்கப் போறன். சும்மா வீடில்லை. ஒரு இலை விழுந்தாலும் காதிலை கேக்கிற தெருவிலை."

அவருடைய உறவினர் ஒவ்வொருவரும் வீடு வாங்கி, குடிபுகுந்த விருந்துக்கு அவரை அழைத்து, குளியலறைக் குழாயைக்கூடத் திருகிக் காட்டி அனுப்பியிருந்தார்கள். அந்தக் குழாய்கள் அத்தனையும் அவர் நெஞ்சுக்குள் சொட்டிக்கொண்டிருந்தன.

அப்படித்தான் பிராம்பிள்கோட் என்ற புறநகருக்கு ரயில் ஏறினார்கள். நாற்பது நிமிடப் பயணம். அந்த ஊரில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு ஒழுங்காகக் கத்தரித்த வேலிகள் மட்டுமே அத்தாட்சி. புல்லை வெட்டுவார்கள். அது வளரும்வரை யன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்ப்பார்கள். வளர்ந்ததும் மறுபடி வெட்டுவார்கள். இதற்கு அங்கே வாழ்க்கை என்று பெயர்.

லார்க் ஒழுங்கை என்ற குறுந்தெருவில் பதினான்காம் இலக்க வீடு. மிஸ்ஸிஸ் பிளென்கின் என்ற கைம்பெண்ணுடையது. கடற்கரைப் பக்கம் இருக்கும் தங்கையோடு போய்ச் சேர்வதற்காக இரண்டு வருடமாக அதை விற்கப் பார்க்கிறாள். ஒருவரும் வாங்கவில்லை. வீடு காட்ட வந்த முகவர் நைஜல், கூரான சப்பாத்தும் அதைவிடக் கூரான சிரிப்பும் உள்ளவன். வேலிப் படலையடியில் நின்று ஏதோ மெதுவாகச் சொன்னான்.

"இந்தத் தெருவிலை சத்தமே இல்லையாம்," என்று குணபாலன் தமிழில் இறக்கினான்.

அருமைநாயகம் உடனே வாயில் விரலை வைத்தார். அன்றிலிருந்து அந்தத் தெருவில் கால் வைத்தால் நால்வரும் வாய் திறப்பதில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் பேச்சு. வெளியில் எல்லாம் கைச் சைகை.

மிஸ்ஸிஸ் பிளென்கின் தேவாலயத்துக்குப் போயிருந்தாள். கதவைத் திறந்து விட்ட நேரத்தில் நைஜலின் போன் அடித்தது. அவன் அவசரமாக ஒரு வசனம் சொல்லிவிட்டு வெளியே போனான்.

"என்னவாம்?"

"உங்கடை சொந்த வீடு மாதிரி நினைச்சு இருங்கோவாம்."

"இன்னும் வாங்கேல்லையே," என்றாள் மங்கை.

"வாங்கினாப் பிறகு நினைக்கிறதுக்கு என்ன இருக்கு, அக்கா? இப்பதான் நினைக்கச் சொன்னவன்."

அருமைநாயகம் கண்ணை மூடி யோசித்தார். "இண்டைக்குச் சனிக்கிழமை. நேரம் பதினொண்டு. இந்த நேரம் நான் எங்கடை வீட்டிலை முழுகுவன்," என்றார். "அந்த மனிசன் மரியாதையாச் சொல்லிப்போட்டுப் போறான். செய்யாமல் விட்டால் வடிவில்லை."

அவர் மாடிக்குப் போய்க் குழாயைத் திறந்தார். நல்லெண்ணெய் கிடைக்கவில்லை. குசினித் தட்டில் இருந்த ஒலிவ் எண்ணெய்ப் போத்தலைத் தலையில் கவிழ்த்தார். சனிக்கிழமைகளில் திரவியத்துக்குத் தலைமயிர் வெட்டிவிடுவது குணபாலன்தான். எனவே மேசைவிரிப்பை உருவித் திரவியத்தின் கழுத்தில் கட்டி, தையல் பெட்டியில் கிடந்த கத்தரிக்கோலால் ஆரம்பித்தான். மங்கை உருளைக்கிழங்கைத் தோல் சீவிப் பொரிக்கப் போட்டாள். கடுகு இல்லாத குசினியில் எப்படி ஒரு மனுஷி இத்தனை வருடம் உயிரோடு இருந்தாள் என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

நைஜல் திரும்பி வந்தபோது கம்பளம் முழுக்க மயிர். படியில் எண்ணெய் வடிய, இளஞ்சிவப்புத் துவாய் கட்டிய அருமைநாயகம்.

"சவர்க்காரம் எங்கை எண்டு கேள்," என்றார் குணபாலனிடம்.

நைஜல் சற்று நேரம் வாயைத் திறந்தபடி நின்றான். இரண்டு வருடமாக விலைபோகாத வீடு என்பது அவனுக்கு ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு போய்ச் சவர்க்காரத்தை எடுத்துக் கொடுத்தான். பிறகு முழங்காலில் நின்று கம்பளத்தில் கிடந்ததைப் பொறுக்கினான்.

வெந்நீரில் கிடந்தபோது அருமைநாயகத்துக்கு இதுதான் தன் வீடு என்று உறுதியாகிவிட்டது. எவ்வளவு நேரம் கிடந்தும் ஒருவர்கூடக் கதவில் தட்டவில்லை.

அடுத்த கிழமை நைஜலின் கந்தோரில், அவனுடைய அலுவலக மேசைக்கு முன்னால், பேச்சு. அவன் கேட்ட முதல் கேள்வியே சங்கிலியைப் பற்றியது. தன் வீட்டை விற்றால்தான் அடுத்த வீட்டை வாங்கலாம் என்று ஒருவரில் ஒருவர் தொங்கிக்கொண்டு நிற்கும் வரிசையை அந்த நாட்டில் சங்கிலி என்பார்கள். விற்க ஒரு வீடும் இல்லாத இந்த நால்வருக்கும் அப்படி ஒரு தொல்லை இல்லை. இதைக் குணபாலனுக்கு எடுத்துச் சொல்ல அங்கே ஆள் இருக்கவில்லை.

"அத்தான், சங்கிலி இருக்கோ எண்டு கேக்கிறான். சங்கிலி இல்லாத ஆக்களுக்குத்தான் அந்த மனிசி வீட்டைக் குடுக்குமாம்."

அருமைநாயகத்தின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. சட்டைக்குள் கிடந்தது தடித்த தங்கச் சங்கிலி. அவர் இருமி, கழுத்துப்பட்டியை இறுக்கினார். "நாளைக்குச் சொல்லுறம் எண்டு சொல்லு."

அன்று பின்னேரம் அறையில் கூட்டம் கூடியது.

"எங்கடை சங்கிலியிலை அந்த மனிசிக்கு என்ன கோபம்?" என்று கேட்டாள் மங்கை.

"சத்தம்," என்றான் திரவியம். "சங்கிலி எண்டால் கிலுங்கும். அது சத்தமில்லாத தெரு."

எல்லாருக்கும் சரியாகப் பட்டது. அருமைநாயகம் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிச் சீனி டின்னுக்குள் போட்டார். பிறகு, செய்வதைத் திருத்தமாகச் செய்ய வேண்டும் என்று, வாசற்கதவின் சங்கிலியையும் கழிவறையில் தண்ணீர் இழுக்கும் சங்கிலியையும் கழற்றச் சொன்னார். திரவியம் தன் சைக்கிளின் சங்கிலியைக் கழற்றினான். அதன்பிறகு ஒரு மாதம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டேதான் திரிந்தான். ஏன் என்று கேட்டவர்களுக்கு வீடு வாங்குகிறோம் என்று பதில் சொன்னான்.

எல்லாம் முடிந்த பிறகு மூன்று ஆண்களும் மங்கையின் கழுத்தைப் பார்த்தார்கள்.

"என்ன பாக்கிறியள்?"

"ஒரு மாதத்துக்குத்தான்," என்றார் அருமைநாயகம் தரையைப் பார்த்தபடி.

"மனிசன் உயிரோடை முன்னாலை இருந்துகொண்டு, தாலிக்கொடியைக் கழட்டு எண்டு கேக்கிறார். நல்லா இருக்கு." அவள் குரல் உயரவில்லை. அதுதான் அருமைநாயகத்துக்குப் பயமாக இருந்தது. "உங்களுக்கு நானோ, வீடோ?"

அவர் கண்ணை மூடினார். இந்தத் தரம் மூடிய கண்ணுக்குப் பின்னால் உண்மையாகவே ஏதோ நடந்தது. ஒரு பக்கம் வெந்நீர்த் தொட்டி. மறுபக்கம் முப்பத்தொரு வருடமாக அவருக்குச் சோறு போட்ட மனுஷி. கண்ணைத் திறக்கத் தைரியம் வராமல் அப்படியே இருந்தார்.

குணபாலன்தான் தொண்டையைச் செருமினான். "அக்கா, தாலி எதிலை கிடக்கு?"

"கொடியிலை."

"அப்ப அது கொடி. சங்கிலி இல்லை."

அருமைநாயகம் எழுந்து போய் மைத்துனனின் தோளைத் தட்டினார். "இவன் மூண்டு தரம் எழுதினது வீண்போகேல்லை," என்றார்.

மறுநாள் சட்டையின் மேல் மூன்று பொத்தான்களையும் திறந்து வெறும் கழுத்தைக் காட்டி, "சங்கிலி இல்லை" என்று அவரே ஆங்கிலத்தில் சொன்னார். நைஜல் மகிழ்ந்து எழுதிக்கொண்டான். "கழிவறையிலும் இல்லை," என்று குணபாலன் சேர்த்துச் சொன்னான். நைஜல் அதை எழுதவில்லை.

பிறகு வீட்டைப் பரிசோதிக்க ஒரு நிபுணர் போனார். சுவரில் ஈரம் ஊறியிருக்கிறது என்றும், இந்த வீட்டுக்கு மூச்சு முட்டுகிறது, அது நன்றாக மூச்சுவிட வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தார். யன்னலைத் திறந்துவையுங்கள் என்பதற்கு அவருடைய தொழிலில் அப்படித்தான் எழுதுவார்கள். எழுத்துக்கும் சேர்த்து அவர்களுக்குச் சம்பளம்.

நால்வரும் நைஜலிடம் கதவுத் திறப்பை வாங்கிக்கொண்டு நோயாளியைப் பார்க்கப் போனார்கள். திரவியம் முன்னறைச் சுவரில் காதை வைத்துக் கேட்டான்.

"சின்ன இழுப்பு ஒண்டு கேக்குது, அண்ணை."

அருமைநாயகம் சுவரில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "குளிர்ந்து கிடக்கு. வேர்த்தும் இருக்கு. இது நெஞ்சுச் சளி."

நெஞ்சு எது என்பதில் கொஞ்சம் வாக்குவாதம் வந்தது. முன்னறைதான் நெஞ்சு என்றான் திரவியம். அடுப்பு இருக்கிற இடம்தான் நெஞ்சு, மற்றதெல்லாம் வயிறு என்றாள் மங்கை. கடைசியில் இரண்டிலும் தைலம் பூசினார்கள். பிறகு கதவு, யன்னல் எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்தி, நாலு பெரிய சட்டிகளில் தண்ணீர் கொதிக்க வைத்து, வீட்டுக்கு ஆவி பிடித்தார்கள். நோயாளி தனியாக இருந்தால் பயப்படும் என்று தாங்களும் தலையைத் துவாயால் மூடிக்கொண்டு பக்கத்தில் இருந்தார்கள்.

ஒரு மணித்தியாலத்தில் வீட்டுக்குள் மேகம் இறங்கியது. பூப்போட்ட சுவர்க் கடதாசி மேலிருந்து மெல்லக் கழன்று மடிந்து தரையில் விழுந்தது.

"தோல் உரியுது," என்றான் குணபாலன்.

"காய்ச்சல் விடேக்கை அப்பிடித்தான்," என்றார் அருமைநாயகம்.

மிஸ்ஸிஸ் பிளென்கின் அப்போதுதான் உள்ளே வந்தாள். புகைமூட்டத்துக்குள் முக்காடிட்ட நாலு உருவங்கள். அவர்களுக்குப் பின்னால், இரண்டு வருடமாக அலுமாரியை நகர்த்தி நகர்த்தி அவள் மறைத்து வந்த கறுத்த ஈரம் முழுவதும் வெளியில். அவளும் பெரிய அறிவாளி அல்ல. இவர்கள் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டார்கள், இனி மானம் போய்விடும் என்று பயந்து, கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்தாள். வீட்டைக் கொடுக்க எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

மிஞ்சியது சட்ட வேலை. மிஸ் டாலிமோர் என்ற வழக்கறிஞர் அதைப் பார்த்தாள். நிலத்தைப் பற்றி நகரசபைப் பதிவேடுகளில் ஏதாவது வில்லங்கம் இருக்கிறதா என்று துருவுவதை அவர்கள் 'தேடுதல்' என்பார்கள். தேடுதல் முடியும்வரை ஒன்றும் நகராது என்று அவள் போனில் சொன்னாள்.

"என்னத்தைத் தேடுறாவாம்?" என்று கேட்டார் அருமைநாயகம்.

"அதைச் சொல்லேல்லை, அத்தான். தேடுதல் எண்டு மட்டும் சொன்னவ."

"ஒரு பொம்பிளைப் பிள்ளை தனிய நிண்டு எங்களுக்காகத் தேடுது. நாங்கள் கடையிலை இருந்து தேத்தண்ணி குடிக்கிறம். இது நல்லா இல்லை."

ஞாயிற்றுக்கிழமை காலை நால்வரும் லார்க் ஒழுங்கையில் இறங்கினார்கள். வேலி வேலியாக, செடி செடியாக, குனிந்து தேடினார்கள். சத்தமில்லாத தெரு என்பதால் ஒரு பேச்சும் இல்லை. பக்கத்து வீட்டு ஹண்டிசைட் என்ற ஓய்வுபெற்ற மனிதர் திரைக்குப் பின்னால் நின்று அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு, பொறுக்க முடியாமல் வெளியே வந்தார். ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார்.

"தேடுதல் நடக்குது," என்று குணபாலன் ஆங்கிலத்தில் கிசுகிசுத்தான்.

மேற்கொண்டு விவரம் கேட்பது பண்பல்ல என்று அந்த ஊரில் குழந்தையிலிருந்தே சொல்லி வளர்க்கிறார்கள். ஹண்டிசைட் தலையாட்டிவிட்டுக் குனிந்தார். அவர் குனிந்ததைக் கண்டு எதிர்வீட்டுப் பெண் வந்து குனிந்தாள். பதினொரு மணிக்குத் தெருவில் பன்னிரண்டு பேர் தேடிக்கொண்டிருந்தார்கள். என்ன தேடுகிறோம் என்று ஒருவரும் ஒருவரிடமும் கேட்கவில்லை. ஒருத்தி எல்லாருக்கும் தேநீர் கொண்டுவந்தாள்.

மத்தியானம் ஹண்டிசைட் வேலிக்கடியிலிருந்து ஒரு இடதுகைக் கையுறையை எடுத்தார். எல்லாரும் அருமைநாயகத்தைப் பார்த்தார்கள். அவர் கையுறையை வாங்கி, உள்ளும் புறமும் பார்த்து, கண்ணை மூடி யோசித்து, இல்லை என்று தலையசைத்தார். எல்லாரும் மறுபடி குனிந்தார்கள்.

மறுநாள் மிஸ் டாலிமோர் போனில் கூப்பிட்டுத் தேடுதல் முடிந்தது, பிரச்சினை ஒன்றும் இல்லை என்றாள். "நாங்களும் கைகுடுத்ததாலை கெதியா முடிஞ்சுது," என்றார் அருமைநாயகம். லார்க் ஒழுங்கைக்காரர்களும் தங்களுக்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். மூன்று மணித்தியாலம் ஒரு சொல் பேசாத குடும்பம். இதைவிடப் பொருத்தமான அயலவர் எங்கே கிடைப்பார்கள்?

ஆவணி முதல் வெள்ளிக்கிழமை நைஜல் திறப்புக்கொத்தை அருமைநாயகத்தின் கையில் வைத்தான். தட்டுமுட்டுச் சாமான்களை வாடகை வேனில் ஏற்றிக்கொண்டு நால்வரும் போய் இறங்கினார்கள். இறங்கியவர்கள் அப்படியே நின்றார்கள்.

வீட்டு வாசலில் புதிதாக ஒரு கம்பம். கம்பத்தில் ஒரு பலகை. பலகையில் சிவப்பு எழுத்து. முகவர்கள் தங்கள் திறமையைத் தெருவுக்கு விளம்பரப்படுத்த இப்படி நட்டுவிட்டுப் போவார்கள். குணபாலன் அதை வாசித்தான். அவன் முகம் வெளிறியது. வேனைக் காட்டிச் சைகை செய்தான். நால்வரும் மறுபடி ஏறிக் கதவுகளைச் சாத்தினார்கள்.

"வீடு விற்றாச்சு எண்டு எழுதியிருக்கு," என்றான்.

அருமைநாயகத்தின் மடியில் கிடந்த திறப்புக்கொத்து நழுவிக் கீழே விழுந்தது.

"திறப்பு எங்கடை கையிலையெல்லோ கிடக்கு?" என்றான் திரவியம்.

"திறப்பை எங்களிட்டைத் தந்துபோட்டு, வீட்டை வேறை ஆருக்கோ குடுத்திட்டினம்."

மங்கைக்குச் சந்தேகம் வந்தது. "வாங்கினது நாங்கள்தானே? எங்களுக்கு வித்ததைத்தான் விற்றாச்சு எண்டு போட்டிருக்கினமோ?"

"எங்களைப் பற்றிச் சொல்லுறதெண்டால் 'வாங்கியாச்சு' எண்டெல்லோ போட்டிருக்க வேணும்," என்றான் குணபாலன்.

ஒரு நிமிடம் ஆனது. "அதுவும் சரிதான்," என்றாள் மங்கை.

திரும்பிப் போகும் வழியெல்லாம் அருமைநாயகம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வேலிகள் கலங்கித் தெரிந்தன. இடிக்கப் போகும் கட்டிடத்து அறையில், கட்டி வைத்த மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, முகம் தெரியாத அந்தப் புதுச் சொந்தக்காரருக்கு ஒரு கடிதம் எழுதுவித்தார். நாங்கள் சத்தம் போடாத மனிதர். எங்களிடம் சங்கிலி இல்லை. தயவுசெய்து அந்த வீட்டை எங்களுக்கு விற்றுவிடுங்கள். பதினான்கு, லார்க் ஒழுங்கை என்று விலாசம் எழுதினார்கள். பெயரைப் போட்டால் அவர் விலையை ஏற்றிவிடுவார் என்று, பதில் அனுப்பக் கடைவிலாசத்தை மட்டும் எழுதி, தபாலில் போட்டார்கள்.

திங்கட்கிழமை நைஜல் போனில் கூப்பிட்டான். வீடு ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று கேட்டான். விற்றது உங்களுக்குத்தான் என்று நாலு தரம் சொன்னான். தானே போய்ப் பலகையைப் பிடுங்கினான். அன்று பின்னேரமே நால்வரும் குடிபுகுந்தார்கள். பழைய விலாசத்துக்கு வருகிற தபால் எல்லாம் புது வீட்டுக்கு வருவதற்கும் ஏற்பாடு செய்தார்கள். புதுச் சொந்தக்காரர் என்று ஒருவர் இல்லையென்றானதும் அவருக்கு எழுதிய கடிதத்தை எல்லாரும் மறந்துபோனார்கள்.

செவ்வாய்க்கிழமை அந்தக் கடிதம் வந்து கதவடியில் விழுந்தது. குணபாலன் பிரித்து, சொல் சொல்லாகத் தமிழில் இறக்கினான். தான் எழுதியதாயிருந்தாலும் பிறர் எழுதியதாயிருந்தாலும், வாசித்ததை விளங்கிக்கொள்ளும் வழக்கம் அவனுக்கு இல்லை.

"இந்தக் கையெழுத்தை எங்கையோ கண்டிருக்கிறன்," என்றாள் மங்கை.

"ஆங்கில எழுத்தெல்லாம் அப்பிடித்தான், அக்கா. இருபத்தாறுதான் இருக்கு."

"விலாசத்தைப் பாருங்கோ," என்றான் திரவியம். "எங்கடை பழைய அறை. நாங்கள் எழும்பின கையோடை ஆரோ வந்து இருந்திட்டினம்."

அருமைநாயகத்துக்கு மனம் இளகியது. இடிக்கப் போகிற கட்டிடத்தில், அந்தச் சத்தத்துக்குள், ஒரு குடும்பம் கிடந்து தவிக்கிறது. வீட்டை விற்பதா என்பது பிறகு. வந்து பார்க்கவாவது விடலாம். 'சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாருங்கள். இப்படிக்கு, வீட்டுக்காரர்' என்று கடைவிலாசத்துக்குப் பதில் போடச் சொன்னார்.

தபால்காரர்கள் சொன்னதைச் செய்பவர்கள். வெள்ளிக்கிழமை அந்தப் பதில் பழைய விலாசத்திலிருந்து திருப்பிவிடப்பட்டு லார்க் ஒழுங்கைக்கே வந்து சேர்ந்தது.

"அத்தான், பதினாலாம் நம்பர் வீட்டைப் பார்க்க எங்களை வரச்சொல்லி எழுதியிருக்கு. நாங்கள் ஒரு கடிதம் போட்டனாங்கள், ஞாபகம் இருக்கோ?"

"அதே நேரம் இஞ்சையும் ஆக்கள் வருகினமே," என்றாள் மங்கை.

அருமைநாயகம் கண்ணை மூடி யோசித்தார். "நானும் திரவியமும் போய்ப் பார்க்கிறம். நீரும் குணபாலனும் இஞ்சை நிண்டு வாறவையைக் கவனியும்."

சனிக்கிழமை காலை அண்ணனும் தம்பியும் வெளிக்கிட்டு, கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவின் முடிவுவரை நடந்து, ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்துக்கொண்டு திரும்பி வந்து, சரியாகப் பத்து மணிக்குப் பதினான்காம் இலக்கத்தில் மணி அடித்தார்கள். கதவைத் திறந்த பெண் மங்கையைப் போலவே இருப்பதை அருமைநாயகம் கவனித்தார். ஆனால் மங்கை வீட்டில் விருந்தாட்களுக்காகக் காத்து நிற்கிறாள். ஆகவே இது வேறு ஆள். மங்கைக்கும் ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது. ஆனால் அவளுடைய புருஷன் வீடு பார்க்கப் போயிருந்தார்.

"வாங்கோ," என்றாள்.

குணபாலன் முன்னால் நடந்து அறை அறையாகக் காட்டினான். அருமைநாயகம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். தலையை ஆட்டவில்லை. வீட்டைப் புகழ்ந்தால் விலை ஏறும்.

"குசினி சின்னன்," என்றார் வாசலில் நின்று. "அறிவிக்கிறம்."

தெருமுனைவரை நடந்து, சற்று நேரம் நின்று ஆறிவிட்டு, இருவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். திறப்பைப் போட்டுக் கதவைத் திறந்தபோது மங்கை முகம் சிவந்து நின்றாள்.

"ஒரு மனிசன் வந்தான், இஞ்சருங்கோ. தேத்தண்ணி குடிக்கிறியளோ எண்டு கேக்கக்கூட நேரம் தரேல்லை. எங்கடை குசினியைச் சின்னன் எண்டு குறை சொல்லிப்போட்டுப் போறான்."

அருமைநாயகத்துக்கு மீசை துடித்தது. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் படலைவரை போய், தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தார். ஆள் போய்விட்டான். கதவைச் சாத்திய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"நான் மட்டும் வீட்டிலை நிண்டிருந்தால் அவனை உள்ளுக்கை விட்டிருக்கமாட்டன்," என்றார்.